குதிக்காத கடுகு

"அஞ்சு மணி வரைக்கும்தான் டைம். கடுகு குதிச்சா உள்ள விடுறேன். குதிக்கலேன்னா மண்டையைத் திறந்துதான் ஆகணும்."

சொல்லிவிட்டு டாக்டர் விறுவிறுவென்று போய்விட்டார். அப்போது மணி ஒன்றே முக்கால்.

பயம் வந்தால் சிலருக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். ரேடியோவுக்கு நேர்மாறு, வாய் ஓயாது. கோர்ட்டுக்குப் போவதை விட்டுவிட்டுத் துப்பறியக் கிளம்பிய வக்கீலம்மாவிடம் அவன் உதவியாளாகச் சேர்ந்த முதல் வாரமே, "அணைக்கிற சுவிட்சே இல்லாத ரேடியோடா நீ!" என்று அந்த அம்மாள் தலையில் அடித்துக்கொண்டார். பெயர் அப்படியே நிலைத்துவிட்டது.

"எங்க அக்கா மண்டையைத் திறந்தா உள்ள பூரா என் மேல இருக்கிற கோபம்தான் இருக்கும் மேடம். டாக்டர் பயந்து போய் மூடிடுவாரு," என்றான் இப்போதும். யாரும் சிரிக்கவில்லை. சொன்னவனுக்கே சிரிப்பு வரவில்லை.

அக்கா என்றால் சும்மா அக்கா இல்லை. அம்மா போன பிறகு இவனுக்குச் சோறு போட்டு, அடித்து, படிக்க வைத்து ஆளாக்கியவள். அவள் தலைக்குள் ஊறும் நீர் வடிவதற்காக ஒரு மெல்லிய குழாய் வைத்திருந்தார்கள். அந்தப் பாழாய்ப்போன குழாய் மூன்று தடவை அடைத்துக்கொண்டது, மூன்று தடவையும் அறுத்து மாற்றினார்கள். நான்காவது தடவை அறுத்தால் கண் போகலாம், ஆளே போகலாம் என்று டாக்டர் ஒளிக்காமல் சொல்லிவிட்டார். நேற்றிலிருந்து பார்வை மங்கிக்கொண்டே வந்தது. இன்று காலையில், "லைட்டைப் போடேன்டா," என்றாள். ஜன்னல் வெயில் அவள் முகத்தில்தான் விழுந்துகொண்டிருந்தது.

மிச்சமிருந்த ஒரே நம்பிக்கை, ஆஸ்பத்திரியின் பின்கட்டில் இருந்த ஆராய்ச்சிக்கூடம். அங்கே செய்திருந்த ஒரு குட்டிக் கருவி குழாய்க்குள் தானே நீந்திப் போய் அடைப்பை உடைக்கும். கடுகில் பாதிதான் இருக்கும் என்பதால் எல்லோரும் அதைக் கடுகு என்றே கூப்பிட்டார்கள். உருப்படியாக இருந்தது ஒன்றே ஒன்று. இன்னொன்று செய்ய மூன்று மாதம் ஆகும். முந்தாநாள் ரேடியோ தன் கண்ணாலேயே பார்த்திருந்தான், கண்ணாடித் தொட்டியில் அது வெட்டுக்கிளி போலத் தாவித் தாவி ஓடியதை. நேற்று மத்தியானத்திலிருந்து தொட்டியின் அடியில் செத்த எறும்பு மாதிரி கிடக்கிறது.

"இது எப்படி ஓடுது? எனக்குப் புரியற மாதிரி சொல்லுங்க," என்றார் வக்கீலம்மா.

மூன்று நாள் தாடியோடு நின்ற இளம் விஞ்ஞானி கண்ணைத் துடைத்துக்கொண்டார். அழுதாரா, தூங்கவில்லையா, தெரியவில்லை. "வெளியில இருந்து சத்தம் அனுப்புவோம் மேடம். காதுக்குக் கேக்காத சத்தம். அது பட்டதும் கடுகோட வால்ல இருக்கிற குழியில ஒரு குமிழி உப்பும். உப்பின வேகத்துல படார்னு நொறுங்கும். நொறுங்கும்போது தண்ணி ஓங்கி உதைக்கும். அந்த உதையிலதான் இது முன்னாடி பாயும். ஒரு நொடிக்கு ஆயிரக்கணக்குல உதை."

"எனக்கும் வீட்ல அவ்வளவு விழுந்திருக்கு சார். நான் ஒரு அடி கூட முன்னேறலையே," என்றான் ரேடியோ.

"வாயை மூடுடா." வக்கீலம்மா, சுவரெல்லாம் பொடிப் பொடியாகக் காற்றுப் பொட்டுகள் ஒட்டியிருந்த தொட்டியை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. "இப்ப குமிழி வருதா?"

"வருது. ஆனா உதைக்கல. உப்பிக்கிட்டு அப்படியே உக்காந்திருக்கு. எல்லாத்தையும் மாத்திப் பார்த்துட்டேன்."

மேனேஜர் குறுக்கே புகுந்தார். தேய்த்த சட்டை, தேய்த்த முகம். "இதுல ஆராய என்ன இருக்கு மேடம்? நேத்துக் காலையில இங்க இருந்த அட்டெண்டரை வேலையை விட்டு அனுப்பினேன். மத்தியானமே கடுகு படுத்துடுச்சு. போற போக்குல அசலைச் சுருட்டிட்டு ஒரு டூப்பை வச்சுட்டுப் போயிருக்கான். சின்னப் பிள்ளைக்குக் கூடப் புரியும்."

"அசலா டூப்பான்னு பார்க்க முடியாதா?"

"உடைச்சுத்தான் பார்க்கணும்," என்றார் விஞ்ஞானி பரிதாபமாக. "அசலா இருந்து உடைச்சுட்டா?"

"அட்டெண்டரை எதுக்கு அனுப்பினீங்க?"

"ஒழுங்கு பத்தல," என்று மேனேஜர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

வக்கீலம்மா அந்த அறையை ஒரு சுற்று சுற்றினார். மற்றவர்கள் பூதக்கண்ணாடி வைத்துத் தேடுவார்கள். இவர் முந்தானையால் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொள்வதோடு சரி. மூலை மேஜையில் தட்டு அளவுக்கு வட்டமாக ஒரு வெள்ளைக் கறை. அதற்கு மேலே இருந்த மின்சார ப்ளக் பாயிண்ட்டின் மீது புத்தம் புது டேப் ஒட்டியிருந்தது. பக்கத்தில் பளபளவென்று ஒரு புதுத் தண்ணீர் சுத்திகரிப்பு மெஷின். அட்டெண்டரின் இழுப்பறையைத் திறந்தார். உள்ளே ஒரு சீப்பு, ஒரு சின்ன டப்பா. அவ்வளவுதான்.

டப்பாவைத் திறந்து மோந்து பார்த்த ரேடியோ மூஞ்சியைச் சுளித்தான். "என்ன மேடம் இது? மனுஷன் தின்னா தாங்க மாட்டானே."

"மீன் தீனிடா. இந்த லேப்ல மீன் இருக்கா?"

"இல்லையே."

"அவர் வீட்ல மீன் இருந்தா தீனி வீட்ல இருக்கும். வேலை செய்யற இடத்துல எதுக்கு வைக்கிறாரு? சாயங்காலம் இங்க முடிச்சுட்டு நேரா வேற எங்கயோ போறாரு. மேனேஜர் சார், பக்கத்துல மீன் தொட்டி விக்கிற கடை எங்க இருக்கு?"

மணி இரண்டு பத்து.

கடை மூன்று தெரு தள்ளி இருந்தது. ரேடியோ நடக்கவில்லை, ஓடினான். ஓட ஓடப் பேசிக்கொண்டே ஓடினான். "கிடைச்சுடும்ல மேடம்? ஆள் கிடைச்சா கடுகு கிடைச்சுடும்ல? வித்திருந்தா? ஐயோ, தொலைச்சிருந்தா?" ஐம்பத்தெட்டு வயதில் வக்கீலம்மாவுக்கு மூச்சு வாங்கியது.

கடைக்குள் சுவர் முழுக்கக் கண்ணாடித் தொட்டிகள். ஒவ்வொன்றிலும் மோட்டார் குழாய் குபுகுபுவென்று காற்றை ஊதிக்கொண்டிருந்தது. கடைசி வரிசையில் ஒருவர், முதுகைக் காட்டியபடி, ஒரு தொட்டியைத் தேய்த்துக் கழுவிக்கொண்டிருந்தார்.

"பாருங்க மேடம், இங்க எல்லாரும் வாயைத் திறந்து திறந்து மூடுறாங்க, ஒருத்தர் கூடப் பேச மாட்டேங்கறாங்க. எனக்கு எதிர்க்கட்சி போல," என்றான் ரேடியோ.

கழுவிக்கொண்டிருந்தவர் சட்டென்று திரும்பினார். ஐம்பது வயசு இருக்கும், நரைத்த மீசை. ரேடியோவை ஏற இறங்க ஒரு தடவை பார்த்தார்.

"அட்டெண்டர் நீங்கதானே?" என்று வக்கீலம்மா ஆரம்பிப்பதற்குள் ரேடியோ அவர் சட்டையைப் பிடித்துவிட்டான். "கடுகை எங்க வச்சிருக்கீங்க? குடுத்துடுங்க. எங்க அக்காவுக்குக் கண்ணு போகப் போகுது. கால்ல வேணும்னாலும் விழறேன், குடுத்துடுங்க!"

"எந்தக் கடுகு?" என்றார் அட்டெண்டர். "தொட்டியில கிடக்கிறதா? அதை நான் ஏன் எடுக்கப் போறேன்? எனக்கு அதைக் கையில பிடிக்கக் கூடப் பயம்."

அவராகவே சட்டைப் பையை வெளியே இழுத்துக் காட்டினார். சாப்பாட்டு டப்பாவைத் திறந்து காட்டினார். நேற்று லேப்பிலிருந்து தூக்கி வந்த அட்டைப்பெட்டியைக் கவிழ்த்துக் கொட்டினார். ஒரு துண்டு, ஒரு டார்ச் லைட், உள்ளெல்லாம் வெள்ளை பூத்த ஒரு பழைய மின்சாரக் கெட்டில். ரேடியோ துண்டை உதறினான், கெட்டிலுக்குள் கையை விட்டுத் துழாவினான், டார்ச்சின் பேட்டரியைக் கூடக் கழற்றினான். ஒன்றும் இல்லை.

அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான். நம்பி வந்தது இந்த ஒரு வழி. அதுவும் முட்டுச்சந்தில் வந்து முட்டிக்கொண்டு நிற்கிறது. மணி இரண்டே முக்கால். லைட்டைப் போடச் சொன்ன அக்காவிடம் போய் என்ன சொல்வது?

அந்த நேரம் பார்த்து ஒரு பெண்மணி பிளாஸ்டிக் பையோடு கடைக்குள் நுழைந்து சண்டைக்கு நின்றாள். "என்னப்பா மீன் குடுத்த நீ? ராத்திரி ஊத்தினேன், காலையில அஞ்சும் மிதக்குது! அழுக்குத் தண்ணி கூட இல்ல, நல்லாக் கொதிக்க வச்சு, ஆற வச்சு, மூடி வச்சு ஊத்தின தண்ணி!"

"கொதிச்ச தண்ணியில காத்து இருக்காதும்மா," என்றார் அட்டெண்டர் அலுப்போடு. "அதுல விட்டா மீனு மூச்சு முட்டிச் செத்துடும். குழாய்த் தண்ணியை உயரத்துல இருந்து ஊத்துங்க."

வக்கீலம்மா மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "என்ன சொன்னீங்க?"

"குழாய்த் தண்ணியை..."

"அதுக்கு முன்னாடி."

"கொதிச்ச தண்ணியில காத்து இருக்காதுன்னு..."

வக்கீலம்மா குனிந்து தரையில் கிடந்த கெட்டிலை எடுத்தார். அடியைத் திருப்பிப் பார்த்தார். தட்டு அளவு வட்டம். "இதுல என்ன காய்ச்சுவீங்க?"

"தண்ணிதான். அந்தத் தொட்டிக்கு ஊத்துற தண்ணி." அட்டெண்டர் இதில் என்ன இருக்கிறது என்பது போலப் பார்த்தார். "லேப்பை ஆரம்பிச்ச பெரியவர் சொல்லிட்டுப் போனது. அரை மணி நேரம் தளதளன்னு கொதிக்கணும். சூட்டோட பாட்டில்ல வழிய வழிய ஊத்தி மூடிடணும். குலுக்கக் கூடாது. ஏன்னு அவரும் சொல்லல, நானும் கேக்கல. பன்னெண்டு வருஷமா தினமும் காய்ச்சி அலமாரியில வச்சுடுவேன்."

"இதை எங்கயாவது எழுதி வச்சீங்களா?"

"வெந்நீர் வைக்கிறதை யாரும்மா எழுதி வைப்பாங்க?"

வக்கீலம்மா போனை எடுத்து விஞ்ஞானியைக் கூப்பிட்டார். ஸ்பீக்கரில் போட்டார். "தம்பி, தொட்டியில இப்ப எந்தத் தண்ணி?"

"புது மெஷின் தண்ணி மேடம். நேத்துலேருந்து. ரொம்பச் சுத்தம்."

"அதுக்கு முன்னாடி?"

"அலமாரியில பாட்டில் இருக்கும், அதை எடுத்து ஊத்துவோம்."

"பாட்டிலை யாரு நிரப்புவாங்க?"

"தெரியல மேடம். எப்பவும் நிரம்பித்தான் இருக்கும்."

"கொதிக்க வச்ச தண்ணிப்பா அது. காத்து வெளியேறின தண்ணி. உன் தொட்டிச் சுவர்ல இப்ப பொடிப் பொடியா காத்து ஒட்டிக்கிட்டு நிக்குது, பாரு."

மறுமுனையில் நாற்காலி விழும் சத்தம் கேட்டது. "ஐயோ! ஐயையோ மேடம்! உள்ள ஒண்ணுமில்லாத குமிழிதான் படார்னு நொறுங்கும். காத்து புகுந்துட்டா அது தலகாணி ஆயிடும், எப்படி உதைக்கும்? மெஷின் தண்ணியைப் பீச்சிப் பீச்சி ஊத்திக் காத்தை ஏத்திடுது! கடுகு அசல்தான். அசலேதான்! அவரைக் கூட்டிட்டு வாங்க. அக்கா குழாய்க்குள்ள நிரப்புற உப்புத் தண்ணியையும் அவரே காய்ச்சணும். நான் காய்ச்சித் தப்பாப் போச்சுன்னா இன்னொரு தடவைக்கு நேரமில்ல!"

ரேடியோ துள்ளி எழுந்தான். "வாங்கண்ணே, போலாம்!"

அட்டெண்டர் நகரவில்லை. துணியைப் பிழிந்து உதறித் தொட்டி விளிம்பில் காயப் போட்டார்.

"நான் வரமாட்டேன் தம்பி."

"அண்ணே!"

"பன்னெண்டு வருஷம். ஒரு நாள் லேட்டா போனதில்ல. நேத்துக் காலையில அத்தனை பேர் முன்னாடி மேனேஜர் என் கெட்டிலைத் தூக்கி வெளிய வச்சாரு. 'வெளி ஆளு ஒருத்தர் பார்த்துட்டு, இங்க டீக்கடை நடத்துறீங்களான்னு கேட்டுச் சிரிக்கிறாரு. மானம் போகுது, கிளம்பு'ன்னாரு. நான் சொல்ல வந்ததைக் காதுல வாங்கவே இல்ல. என் பொண்ணு கேக்குறா, லேப்ல டீ போட்டியாப்பான்னு. அந்தச் சிரிச்ச மகராசன் யாருன்னு தெரியணும். அவன் என் மூஞ்சிக்கு நேரா வந்து நிக்கணும். அப்புறம் வரேன்."

ரேடியோ கெட்டிலைத் திரும்பிப் பார்த்தான்.

முந்தாநாள் மத்தியானம். கையில் அக்காவின் ஸ்கேன் ரிப்போர்ட். மூலையில் யாரோ முதுகைக் காட்டிக்கொண்டு தண்ணீர் காய்ச்சினார். பயத்தில் எதையாவது பேசியாக வேண்டும் போல இருந்தது. "என்ன சார், தலைக்கு வைத்தியம் பாக்குற இடத்துல டீக்கடையும் நடக்குதா?" என்று மேனேஜரிடம் கேட்டான். கேட்டுவிட்டு அவனே சிரித்தான். மேனேஜர் முகம் கறுத்ததைப் பார்த்தும் மேலும் சிரித்தான்.

தன் வாயாலேயே அக்காவின் கண்ணைக் குத்தியிருக்கிறான்.

வக்கீலம்மா அவனையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்த அம்மாளுக்குப் புரிந்துவிட்டது. சொல்லாமல் விட்டால் என்ன என்று ரேடியோவுக்குத் தோன்றியது. யாரோ ஒருத்தன் என்று சொல்லிவிடலாம், மேனேஜரே கட்டிவிட்ட கதை என்று சொல்லிவிடலாம். உண்மையைச் சொல்லி, இவர் போடா என்று திரும்பிக்கொண்டால் எல்லாம் முடிந்தது. மணி மூன்று. கடிகாரம் யாருக்காகவும் நிற்பதில்லை.

"நான்தாண்ணே," என்றான். குரல் அவனுக்கே கேட்கவில்லை. இன்னொரு தடவை சொன்னான். "சிரிச்சது நான்தான். அக்காவுக்கு என்ன ஆகுமோன்னு பயம். பயந்தா கண்டதையும் உளறுவேன். உங்க பொழப்பு போகும்னு நினைக்கல. நினைக்கிற புத்தி இருந்தா நான் ஏன் இப்படி இருக்கேன்? என்னை என்ன வேணா பண்ணுங்க. அவ ஒண்ணும் பண்ணல. அவளுக்கு வந்து காய்ச்சிக் குடுங்கண்ணே."

அட்டெண்டர் அவன் முகத்தையே பார்த்தார். மோட்டார்கள் குபுகுபுவென்று ஊதிக்கொண்டிருந்தன.

"தெரியும்," என்றார். "கடைக்குள்ள வந்து நீ வாயைத் திறந்ததுமே தெரியும். அந்தக் குரலை நான் எப்படி மறப்பேன்?"

ரேடியோ தலையைக் குனிந்துகொண்டான்.

"கெட்டிலை எடு," என்றார் அட்டெண்டர். "மூடியையும் எடு. அங்க உருண்டு கிடக்கு பாரு."

அடுத்த ஒன்றரை மணி நேரம் போன வேகம் ரேடியோவுக்கு ஞாபகமில்லை. மேனேஜர் ஏதோ சொல்ல வந்ததும், வக்கீலம்மா அவரைப் பார்த்த பார்வையில் அவர் வாசலிலேயே நின்றுவிட்டதும் மட்டும் நினைவிருந்தது. தொட்டிக்கு வேண்டிய தண்ணீர் கெட்டிலில் கொதித்தது. அக்காவுக்கு வேண்டிய உப்புத் தண்ணீர், ஆஸ்பத்திரிப் பாத்திரத்தில், நர்ஸின் கண்முன்னால் கொதித்தது. அரை மணி என்றால் அரை மணி. ரேடியோ கெஞ்சியும் அட்டெண்டர் ஒரு நிமிடம் குறைக்கவில்லை. பாட்டில்களை வழிய வழிய நிரப்பி, மூடி, ஐஸில் புதைத்தார்.

நாலே முக்காலுக்கு டாக்டர் வந்தார். விஞ்ஞானி ஸ்விட்சைத் தட்டினார்.

கடுகு அசையவில்லை.

ரேடியோ கண்ணை மூடிக்கொண்டான். "குலுங்கின தண்ணி கொஞ்சம் அடங்கட்டும் தம்பி, அவசரப்படாதீங்க," என்ற அட்டெண்டரின் குரல் கேட்டது. விஞ்ஞானி நூறு வரை எண்ணினார். மறுபடி தட்டினார். அப்புறம் அவர் போட்ட கூச்சலில் ரேடியோ கண்ணைத் திறந்தான். கடுகு தொட்டியின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குத் தாவிப் போய்க் கண்ணாடியில் முட்டிக்கொண்டிருந்தது. டாக்டர் மூன்று தடவை ஓட்டச் சொன்னார். மூன்று தடவையும் ஓடியது. அவர் உப்புத் தண்ணீர் பாட்டிலையும் கடுகையும் வாங்கிக்கொண்டு ஆபரேஷன் தியேட்டருக்கு நடந்தார்.

ஐந்தே முக்காலுக்குத் தியேட்டர் கதவு திறந்தது. "அடைப்பு உடைஞ்சுடுச்சு. நீர் வடியுது," என்றார் டாக்டர். "உயிருக்குப் பயமில்ல. கண்ணு திரும்புமான்னு இப்ப நான் சொல்ல முடியாது. அவங்க முழிச்சுத்தான் சொல்லணும்."

கட்டில் பக்கத்தில் ரேடியோ உட்கார்ந்தான். ஒரு வார்த்தை பேசவில்லை. வக்கீலம்மா அவன் தோளில் கை வைத்தபடி நின்றார். அரை மணி போயிற்று, முக்கால் மணி போயிற்று. அக்காவின் இமை அசைந்தது. கண் திறந்தது. அது கூரையைப் பார்த்தது, எதையும் பார்க்காதது போலவும் இருந்தது.

"ஏண்டா பேசாம இருக்க?" என்றாள் அக்கா கரகரத்த குரலில். "உடம்புக்கு ஏதும் முடியலையா?"

அவள் மெல்லத் தலையைத் திருப்பினாள். அவனைத் தாண்டி, வாசல் பக்கம் கண்ணைச் சுருக்கினாள்.

"கதவுகிட்ட ஒருத்தர் நிக்கிறாரே, நரைச்ச மீசை வச்சுக்கிட்டு. யாருடா அது? எவ்வளவு நேரமா நிக்கிறாரோ பாவம். உள்ள வந்து உக்காரச் சொல்லு."

ரேடியோ எழுந்து நாற்காலியை இழுத்துப் போட்டான். "உக்காருங்கண்ணே," என்று சொல்ல வாயெடுத்தவன், பாதியிலேயே உடைந்து, நாற்காலி முதுகைப் பிடித்துக்கொண்டு ஓவென்று அழ ஆரம்பித்துவிட்டான்.